ரோட்டோரமாகப் போகட்டும் என்ற தெய்வானையம்மா

செய்தி என் டிரைவர் மூலம்தான் வந்தது. காலையில் டிப்போவில் லோடு ஏற்றிக்கொண்டு, அவிநாசி தாண்டி சேவூர் சாலையில் இருக்கும் தெய்வானையம்மாவின் பங்க்குக்குப் போனவர் அங்கிருந்து போன் செய்தார். "ஏனுங் பாய், ஓனரம்மா போயிட்டாங்க. இப்பத்தான், கொஞ்ச முன்னாடி. நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுன்னு நாற்காலில உக்காந்தவிய அப்படியே சாஞ்சுட்டாங்களாமா." பிறகு அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார்: "லோடு எறக்கிப்போடறதுங்களா, திருப்பிக் கொண்டாந்தரட்டுங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. டேங்கர் நிறைய பெட்ரோலை உச்சி வெயிலில் துக்க வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்க முடியாது. இறக்கச் சொன்னேன். அம்மாவின் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, வண்டியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாராம். அன்றைக்கும் பங்க் திறந்துதான் இருந்தது. நினைத்தபோது மூட விதியும் இடம் தராது, மூடியிருந்தால் அம்மாவுக்கும் பிடித்திருக்காது.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரன். டேங்கர் லாரியில் டிரைவராக ஆரம்பித்து, பிறகு சொந்த வண்டி வாங்கி, டிப்போவிலிருந்து பங்க்குகளுக்கு எண்ணெய் கொண்டுபோவதே பிழைப்பாக இருப்பவன். தெய்வானையம்மாவின் பங்க்குக்கு அவருடைய கணவர் காலத்திலிருந்தே என் வண்டிதான். அவருக்கு நான் 'பாய்', எனக்கு அவர் 'அம்மணி'. குழாய்ப் போராட்டத்தில் உட்கார்ந்த பங்க் அம்மா என்று அவரை உங்களில் பலருக்குத் தெரியும். அதில் அவர் எதைக் கொண்டுபோய் வைத்தார் என்பது ரொம்பப் பேருக்குத் தெரியாது. மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது நாலு பேர் அவரைப் பற்றி நல்லபடியாகப் பேசினார்கள். ஒருவர்கூட அந்த விஷயத்தைத் தொடவில்லை. அந்த ஆற்றாமையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

கணவர் போன பிறகு, பங்க்கை யாருக்காவது கைமாற்றிவிட்டு மகளோடு போய் இருப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கல்லாவில் வந்து உட்கார்ந்துவிட்டார். அது தினமும் காலையில் விலை மாறத் தொடங்கியிருந்த காலம். ஒருநாள் நான் அங்கே நிற்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள்காரர் விலையைப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்கு முன்னால் வந்து வாய்க்கு வந்தபடி கத்தினார். கொள்ளையடிக்கிறீர்கள் என்றார், வயிற்றில் அடிக்கிறீர்கள் என்றார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெலைய நான் வெக்கறதில்லீங். நானும் உங்களாட்டத்தான், காலைல எந்திரிச்சு மிசின்ல பாத்துத் தெரிஞ்சுக்கறேன். திட்டறதுன்னா திட்டிப்போட்டு, பின்னால டயர்ல காத்து இல்லீங், அதையும் புடிச்சுட்டுப் போங்க" என்றார். அந்த மனிதர் காற்றுப் பிடித்துக்கொண்டுதான் போனார். அதற்குப் பிறகும் அங்கேதான் வந்து பெட்ரோல் போட்டார், அவ்வப்போது திட்டவும் செய்தார்.

இன்னொன்று, எங்கள் டேங்கர் லாரி ஸ்டிரைக். வாடகைப் பிரச்சினையில் நாங்கள் வண்டிகளை நிறுத்தினோம். நியாயமான ஸ்டிரைக், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பங்க்குகள் வறண்டன. அம்மா போன் செய்தபோது திட்டப்போகிறார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவர் திட்டவில்லை. "இருக்கறதைப் பால் வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் வெச்சுக்கிட்டு மத்தவியளத் திருப்பித் தாட்டிவுடறேனுங் பாய். டிராக்டர்காரரு கேன் எடுத்துட்டு வந்து நிக்கறாரு. நாத்து காயுதாம், ஜெனரேட்டருக்கு டீசல் வேணுமாம். பள்ளிக்கூட வேன் நின்னுபோச்சு. ஒரு வண்டி வரலீன்னா ஊரே இப்படி மொடங்கிப்போகும்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாதுங். கொஞ்சம் பயமாத்தானுங் இருக்குது" என்றார். அவர் சொன்ன பிறகு எனக்கும் அந்தப் பயம் வந்தது. ஸ்டிரைக் முடிந்து முதல் வண்டி உள்ளே நுழைந்தபோது கூட்டம் கைதட்டியதாம். "கலியாணத்துக்குக்கூட இப்படி யாரும் தட்டலீங்" என்று சிரித்தார்.

வெயிலைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு. சென்ற சில கோடைகளில் அங்கே பெட்ரோல் போடும் பெண்கள் தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டுதான் நின்றார்கள். கூரை நிழல் பேருக்குத்தான், தரையிலிருந்து அனல் அடிக்கும். அம்மாவின் தம்பி சின்னசாமிக்குப் பக்கத்திலேயே தென்னந்தோப்பு. அங்கேயும் ஓலையெல்லாம் வெள்ளை ஈ, காய் சிறுத்துப்போய், போர் போட்டால் புழுதிதான் வரும். ஒருநாள் அம்மா டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "நாம விக்கறது பொகையாப் போயித்தான் இப்படி வெயிலாகிப்போச்சுன்னு டிவில சொல்றாங்க. நெசந்தானுங்களா பாய்?" நெசம்தான் என்கிறார்கள், என் வண்டியும் அதில் சேர்த்திதான் என்றேன். "அப்ப தம்பி தோப்புக்கு நாம ரெண்டு பேருமே பதில் சொல்லோணுமுங்" என்றார். பிறகு டீயைக் குடித்துவிட்டு, பெண்களுக்கு மதியத்தில் வேலை நேரத்தை மாற்றிப் போடுவது பற்றிப் பேசினார். அவர் அப்படித்தான், ஒன்றைச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

குழாய் வந்தது அதற்குப் பிறகு. எண்ணெயை லாரியில் கொண்டுபோவதற்குப் பதிலாக நிலத்துக்கு அடியில் குழாய் பதித்துக் கொண்டுபோகும் திட்டம். அம்மாவின் பங்க்குக்கு எண்ணெய் தரும் அதே கம்பெனியின் குழாய். வரைபடத்தில் கோடு தோப்புகளுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே போயிற்று. பட்டா விவசாயியின் பேரில்தான் இருக்கும், ஆனால் குழாய் போகும் பட்டையில் தென்னை வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. சின்னசாமியின் தோப்பைக் கோடு குறுக்காக வெட்டியது. காய்க்கிற மரங்களில் பாதி போய்விடும், கிணறும் கோட்டுக்குள்ளே.

முதல்முறை சர்வே ஆட்கள் வந்தபோது நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், வெளியூர்க்காரர்கள் யாரும் நம்புவதில்லை. நல்ல வெயில். சர்ட்டை இன் பண்ணிக்கொண்டு வந்த இளைஞர்கள் இரண்டு பேர் அளவுக்கல் நடக் குழி தோண்டத் தெரியாமல் கடப்பாரையோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் சின்னசாமி அவர்களை நிழலில் உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார். தோட்டத்துக்கு வந்தவர்களை வாய் வறள அனுப்புவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. பிறகு, ஒறம்பரையாக, விருந்தாளியாக வந்தவர்கள் வெயிலில் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனசு வராமல், கடப்பாரையை வாங்கித் தானே குழி தோண்டி, கல்லை நட்டு, காலால் மண்ணை மிதித்து இறுக்கியும் கொடுத்துவிட்டார். தன் தோப்பை இரண்டாகப் பிளக்கப்போகும் கல் அது என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. வந்த இளைஞர்களில் ஒருவர் அதைப் போனில் படமும் எடுத்துக்கொண்டார்.

கலெக்டர் ஆபீசில் விவசாயிகளைக் கூப்பிட்டு விசாரணை வைத்தார்கள். நானும் போயிருந்தேன், எனக்கும் சங்கதி தெரிய வேண்டியிருந்தது, குழாய் வந்தால் என் வண்டிகளுக்கு நடை குறையும். சின்னசாமி எழுந்து, எங்களிடம் சொல்லாமலே கல் நட்டுவிட்டார்கள் என்று ஆரம்பித்தார். கம்பெனி அதிகாரி அந்தப் படத்தைத் திரையில் போட்டார். கடப்பாரையும் கையுமாக சின்னசாமி, முகமெல்லாம் சிரிப்பு. அறை முழுவதும் சிரித்தது. மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களே, நீயே நட்டுக் கொடுத்துவிட்டு இங்கே வந்து பேசுகிறாயா என்று முணுமுணுத்தார்கள். கூசிப்போய்த் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அப்போது பின்வரிசையிலிருந்து தெய்வானையம்மா எழுந்தார். "அது என்ற தம்பிங்க. எங்கூட்டுக்கு யாரு வந்தாலும் அவன் அப்படித்தான் செய்வான். நாளைக்கு நீங்க வந்தாலும் எலநி வெட்டிக் குடுப்பான், சோறும் போடுவான். அதுக்காகத் தோப்பை எழுதிக் குடுத்துப்போட்டான்னு அர்த்தமுங்களா?" சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரிக்கு அவரைத் தெரியும். "நீங்களே பெட்ரோல் விக்கிறவங்க. உங்களுக்கே பைப் வேண்டாமா?" என்றார். அம்மா, "பைப்பு வேண்டாம்னு நான் சொல்லலீங். எண்ணெய் இல்லாம எங்கூர்ல பால்கூட வராது, எனக்குத் தெரியாதுங்களா? தோப்புக்குள்ள வேண்டாமுங்க. ரோட்டோரமாகக் கொண்டு போங்க. வண்டி போற பக்கமே எண்ணெயும் போகட்டும்" என்றார்.

அதன் பிறகு அந்த வட்டாரத்து விவசாயிகள் எல்லாருக்கும் அதுவே கோரிக்கை ஆயிற்று. பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அம்மா தினமும் கல்லாவை மகளிடம் விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். தம்பிக்காகத்தான் என்று சிலர் சொன்னார்கள், அதில் பொய்யில்லை. தம்பியின் கல்யாணத்தில் இணைச்சீர் செய்துகொண்ட அக்கா அவர். எங்கள் பக்கத்து நண்பர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் உடன்பிறந்தவளையும் சேர்த்து உட்காரவைத்துச் செய்யும் சீர் அது. மனைவி வந்த பிறகும் அக்கா விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. இந்த அக்கா விட்டுப்போகவில்லை.

கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர் பங்க்குக்கு வந்து போனார். நான் லோடோடு போயிருந்ததால் பக்கத்திலேயே நின்றேன். ரொம்ப மரியாதையாகப் பேசினார். டீலர்ஷிப் புதுப்பிக்கும் சமயம் வருகிறது, நீங்கள் பந்தலில் உட்கார்ந்திருப்பதை மேலே இருப்பவர்கள் வேறுமாதிரி எடுத்துக்கொள்ளலாம், யோசியுங்கள் என்றார். அவருக்கும் டீ வந்தது. அம்மா, "செரிங்க, யோசிக்கறனுங்" என்றார். அவர் போன பிறகு அம்மா சம்பள நோட்டை எடுத்து விரித்து வைத்துக்கொண்டார். பங்க் போனால் மகள் குடும்பத்துக்கும் வழியில்லை, அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கும் வழியில்லை. பந்தலுக்குப் போகாதீங்க அம்மணி, கொஞ்ச நாளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். "பொய் சொல்லி உக்காந்துட்டா அப்பறம் நெசமாவே ஒடம்புக்கு வந்துருமுங் பாய்" என்றார். மறுநாளும் பந்தலில் இருந்தார்.

டீலர்ஷிப்பை யாரும் பறிக்கவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். யாரோ ஒரு நல்ல மனிதர் மேலே இருந்திருக்க வேண்டும், அல்லது பத்திரிகைக்காரர்கள் வந்து போனது உதவியிருக்கலாம். குழாய் நின்றுவிடவில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் மட்டும் கோட்டை மாற்றினார்கள். தோப்புகளை விட்டு, சாலை ஓரமாகவே கொஞ்ச தூரம் போய், பிறகு பழைய வழியில் சேர்ந்துகொள்ளும் என்று அறிவித்தார்கள். பந்தலில் வெடி வெடித்தார்கள். சின்னசாமி எல்லாருக்கும் இளநீர் வெட்டிப்போட்டார். அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். களைப்பு என்று நினைத்தேன்.

புதுக் கோட்டின்படி தோண்டிக்கொண்டு வந்த இயந்திரங்கள் அம்மாவின் பங்க் வாசலுக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சாலைக்கும் பங்க்குக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு துண்டு நிலம்தான். வண்டிகள் உள்ளே நுழைவதும் வெளியேறுவதும் அதன் வழியே. அதைத்தான் தோண்டினார்கள். பக்கத்திலேயே பெட்ரோல் தொட்டிகள் இருப்பதால் பாதுகாப்புக்காக விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சீக்கிரம் முடியும் என்றார்கள். மழை வந்து குழியில் தண்ணீர் நின்றது, ஒப்பந்தக்காரர் மாறினார், வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. பச்சைத் தகரம் அடித்து மூடிய பங்க்கைப் பார்த்துக்கொண்டே என் வண்டிகள் அந்தச் சாலையில் வேறு பங்க்குகளுக்குப் போய்வந்தன. வாடிக்கைக்காரர்கள் பைபாஸில் திறந்த புது பங்க்குக்குப் பழகிவிட்டார்கள். வேலை பார்த்த பெண்களை அம்மாவே ஒவ்வொரு இடமாகச் சொல்லிச் சேர்த்துவிட்டார். இருவர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள்.

சின்னசாமி ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். அக்காவின் பங்க் வாசலில் தோண்டக் கூடாது, மறுபடியும் பந்தல் போடுவோம் என்றார். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். அம்மா தகரத்துக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "இங்க வேண்டாம்னு சொன்னா அது எங்க சாமி போகும்? திரும்ப உன்ற தோப்புக்குத்தான் வரும். போ, போயி மரத்துக்குத் தண்ணி கட்டு" என்றார். தம்பி அழுதார். அம்மா அழவில்லை, தம்பியின் தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

எல்லாரும் போன பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இது தெரிந்திருந்தால் அன்றைக்கே வேறு ஏதாவது யோசித்திருக்கலாமே, விசாரணையில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு இப்போது தகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்களே என்று கத்தினேன். அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"தெரியாம எப்படிங் பாய்? ரோட்டோரம்னு சொன்னப்பவே தெரியும். என்ற பங்க்கும் ரோட்டோரந்தானுங்களே."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வரும் வழியில் கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்த விசாரணை அறையில் எழுந்து நின்றபோது தன் வாசலில் குழி விழப்போவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தம்பிக்குச் சொல்லவில்லை, மகளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்களே தடுத்திருப்போம்.

பங்க் மறுபடி திறந்தது, ஆனால் பழைய ஓட்டம் திரும்பவில்லை. நாள்விட்டு நாள் போன என் வண்டி வாரத்துக்கு ஒருமுறை போயிற்று. குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கினால் எனக்கும் அதே கதிதான். மகளின் கணவர் பங்க்கின் ஒரு மூலையில் மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் மிசின் வைக்கலாம் என்றபோது அம்மா உடனே ஒப்புக்கொண்டார். "வெக்கட்டுமுங். நம்ம தம்பி தோப்புக்கு அதாச்சும் நல்லதாப் போகட்டும்" என்றார். மிசின் வருவதற்குள் அவர் போய்விட்டார். எனக்கு வருத்தமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், சென்ற வாரம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குச் சமையல் எரிவாயுக் குழாய் வருகிறது. சிலிண்டருக்குக் காத்திருக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் தெருவுக்கு ஒரு வால்வுப் பெட்டி வைக்க வேண்டும், அது யாராவது ஒருவர் வாசலில்தான் நிற்கும். கூட்டம் போட்டார்கள். ஒவ்வொருவரும் அடுத்த வீட்டு வாசல்தான் தோதானது என்று காரணத்தோடு விளக்கினார்கள். நல்ல மனிதர்கள்தான், நானும் அவர்களில் ஒருவன்தான், எனக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். ஆனால் தகரத்துக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் என்னை அதே ஆச்சரியத்தோடு பார்ப்பது போல இருந்தது. எனக்கும் காஸ் வேண்டும், என் வீடும் இதே தெருவில்தான் இருக்கிறது, என் வாசலில் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவிக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வாசலில் பெட்டிக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள், ஸ்கூட்டரை இப்போது தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன்.